லாரி நெற்றியில் சாய்ந்த எழுத்து

பாடி கட்டி முடிந்த லாரிக்குப் பெயர் எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவரைப் பார்க்க நாமக்கல் போயிருந்தேன். வெல்டிங்காரர், தச்சர், பெயிண்டர் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக வண்டிமேல் ஏறுபவர் அவர். நெற்றிப் பலகையிலும் இரு பக்கங்களிலும் ‘பழனியாண்டவர் துணை’ என்று எழுத வேண்டும். தடிப்பாக, வலப்புறம் சாய்ந்து ஓடுகிற எழுத்து. வண்டி உரிமையாளர் கேட்டது அதைத்தான்.

சாக்பீஸ் தேய்த்த நூலை இழுத்துச் சுண்டி மேலும் கீழும் கோடு போட்டார். சரிவுக்கு, ஓரம் சாய்வாக வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று. கருவி அவ்வளவுதான்.

அந்த அட்டையை அவர் எங்கே மீறுகிறார் என்பதில்தான் தொழில் இருக்கிறது. ட-வுக்கு வலது மேல்பாதி வெறுமை. அட்டைப்படி சாய்த்தால் முன்னால் கவிழ்வதுபோல் தெரியும். அதன் தண்டை மட்டும் ஒரு மயிரிழை நிமிர்த்தினார். ழ-வின் வால் சரிவோடு ஓடி ப-வின் அடியில் புகப் பார்க்கும், அதைச் சுருக்கினார். ண்-இன் புள்ளி ட-வின் தலைமேல் போய் உட்காராதபடி இடப்புறம் இழுத்து வைத்தார். “எல்லாத்தையும் ஒரே மாதிரி சாய்ச்சா எழுத்து விழுந்துருமுங்க. ஒண்ணொண்ணா நிக்க வைக்கோணும்” என்றார்.

ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுமிடங்களில் பெரும்பாலும் நேரெழுத்தைக் கணினியில் அப்படியே சாய்த்துவிடுகிறார்கள். அப்போது வளைவுகள் வலது தோளில் தடித்து, இடது தோளில் மெலிந்துபோகும். ண-வின் சுழிகளைப் பார்த்தால் போதும், குறை பளிச்சென்று தெரியும். தடித்த எழுத்தில் சுழியின் உள்வெளி ஏற்கெனவே குறுகல். அதுவும் அடைபட்டால் தூரத்தில் வெறும் கறைதான். இவர் உள்வெளியை முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் தட்டைப் பிரஷ்ஷால் சுற்றித் தடிப்பு ஏற்றுகிறார்.

இப்படித் தடித்துச் சாயும் எழுத்துக்கு முன்மாதிரி எங்கே? 1501இல் வெனிஸில் அச்சகர் ஆல்டஸ் மனுசியஸ் வர்ஜிலின் நூலைச் சாய்வெழுத்தில் அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய அந்த எழுத்து மெலிந்தது, கையடக்க நூலுக்கானது. தடித்த சாய்வெழுத்து பிற்பாடு விளம்பரத்துக்காகப் பெருகியது. தமிழில் எழுத்தாணி ஓலையில் கீறிய கோட்டிலோ தடிப்பு, மெலிவு என்ற பேதமே இல்லை. அச்சு நூல்களிலும் தமிழுக்குச் சாய்வெழுத்து அபூர்வம். பார்த்து எழுத இவருக்கு முன்மாதிரி அதிகம் கிடையாது. அதனாலேயே இந்தக் கையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

எங்கே சாய்க்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். வண்டி எடை, பர்மிட் விவரம், தொலைபேசி எண் எல்லாம் மெல்லிய நேரெழுத்து. நின்று படிக்க வேண்டியவை அவை. சாய்வு இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் தாங்கும்.

வலப்பக்கம் முடிந்ததும் இடப்பக்கம் வந்தார். இங்கே வண்டியின் முகம் நம் இடக்கைப் பக்கம். வலப்புறம் சாயும் எழுத்து ஓட்டத்துக்கு எதிராகப் பின்வாங்கும். “இந்தப் பக்கம் சாய்ச்சா வண்டி ரிவர்ஸ் எடுக்கறாப்ல இருக்குமுங்க.” அதே தடிப்பில் நேரெழுத்தாக எழுதி, சிவப்பு ஷேடை மட்டும் பின்சக்கரப் பக்கமாக நீட்டிவிட்டார்.