குளிர்த்தியும் கொதிப்பும்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் நோக்கிச் செல்லும் வீதியில், தம்பிலுவிலையும் திருக்கோவிலையும் கடந்தால் வினாயகபுரம் வரும். ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். வைகாசி பிறந்துவிட்டால் இப்பகுதி மக்களின் நெஞ்சமெல்லாம் தம்பிலுவில் கண்ணகை அம்மன் சடங்கிலேயே இருக்கும். அதன் நிறைவில் வருவது திருக்குளிர்த்தி. அம்மனின் சினத்தைத் தணித்து, ஊரைக் குளிர்விப்பதே அதன் நோக்கம்.

இக்கரையோர வழக்கங்களை ஆராய, டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1969ஆம் ஆண்டு அக்கரைப்பற்றுக்கு வந்தார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒருங்கே பழகினார். தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் பொது. குடிகளின் சார்பில் கோயிலில் வண்ணக்கரும், பள்ளிவாசலில் மரைக்காரும் நிருவாகத்தில் அமர்வர். நம்மவர் பலரே கவனியாத இவ்வொற்றுமையை அவர் நுணுகி எழுதினார். பாவாக்களின் ராத்தீபையும் அவர் விட்டுவைக்கவில்லை. அன்னாரின் பெருநூல் வெளிவந்தது 2008இல். ஏறக்குறைய நாற்பதாண்டு உழைப்பு!

அதற்கிடையில் யுத்தம் மூண்டது. மக்கில்வ்ரே கற்பித்த கொலராடோ பல்கலைக்கழகத்தில் பயின்ற பற்றீசியா லோறன்ஸ் அம்மையார், வடக்கே மட்டக்களப்பில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடையே ஆய்வு நடத்தி, 1997இல் அதனை நிறைவு செய்தார். நோய்க்கும் நேர்த்திக்கும் வாக்குக் கேட்ட கோயில் முற்றங்களில், காணாமற்போன பிள்ளை உயிருடன் உள்ளானா என்று கேட்கத் தாய்மார் காத்திருந்தனர். வெளியே வாய்திறந்து பேச அஞ்சிய காலம் அது. பிள்ளை பட்ட வதையோ, தெய்வமாடுபவரின் உடலிலேயே துடிதுடித்துத் தோன்றுமாம். தாய் அப்போதுதான் வாய்விட்டு அழுவாள்.