ஒரு புள்ளிக்கு முப்பது வருடம்

தென்பிரான்ஸில் மாந்தோனிலிருந்து கோர்பியோவுக்கு ஏறுகிற பேருந்து சிறியது. மலைப்பாதை அதைவிடக் குறுகல். எதிரே கார் வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் நகர்ந்து ஒதுங்கினால்தான் வழி. ஒரு வளைவில் மத்தியதரைக் கடல் காலுக்குக் கீழே நீலமாக விரியும். அடுத்த வளைவில் பாறையும் ஆலிவ் மரமும் மட்டும். மலைச்சரிவில் கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, படிபடியாக மண்ணை நிறுத்தி, அந்தப் படிகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த மூதாட்டி மடியில் கூடை வைத்திருந்தார். கூடை நிறைய நத்தை ஓடுகள், கழுவிக் காயவைத்தவை.

"சமையலுக்கா?" என்று தங்கை பிரெஞ்சில் கேட்டாள்.

"இல்லை, விளக்குக்கு" என்றார் அவர்.

ஊர் என்றால் குன்றின் தலையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கல்வீடுகள், நடுவே படிக்கட்டுச் சந்துகள். சதுக்கத்தில் 1713இல் நட்ட எல்ம் மரம் ஒன்று இருக்கிறது. அந்த மரத்தின் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். சையத் ஹைதர் ரஸாவும் அவர் மனைவி ஜனீன் மோன்ஜிலாவும் பல வருடக் கோடைகளை இந்த ஊரில் கழித்தவர்கள். இருவரும் ஓவியர்கள். பாரிஸில் குளிர்காலம், இங்கே கோடை. அவர் பார்த்த மரம், அவர் ஏறிய படி என்று தேடிப் போவதில் என்ன இருக்கிறது என்று தங்கை கேட்டாள். எனக்கு அது பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை.

நான் இருபத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ரஸாவின் ஓவியங்களைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய வாத்தியாரைத்தான் எனக்குத் தெரியும். மத்தியப் பிரதேசத்தில், நர்மதைக் கரைக் காடுகளுக்குள் ககையா என்றொரு கிராமம். அங்கே ஆரம்பப் பள்ளியில் ஒரு பையனுக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. நந்த்லால் ஜாரியா என்ற ஆசிரியர் ஒருநாள் அவனை நிறுத்தி, சுவரில் ஒரு புள்ளி வைத்து, வேறெதையும் பார்க்காமல் இதையே பார் என்று உட்காரவைத்தார். இதைப் படித்த வாரமே நானும் என் வகுப்பில் சுவரில் ஒரு புள்ளி வைத்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் மணி அடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் என்ன பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக ஒரே மாதிரிதான் முடிப்பார்கள். பையன் பெரியவனாகிப் பாரிஸ் போனான், பலவிதமாக வரைந்து பார்த்தான், கடைசியில் வாத்தியார் வைத்த புள்ளிக்கே வந்து சேர்ந்தான், அதுவே பிந்து என்று உலகம் முழுக்கப் பேரெடுத்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1950இல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர், பிந்துவை வரைய ஆரம்பித்தது 1980ஐ ஒட்டி. நடுவில் முப்பது வருடம். ஒரு கைதேர்ந்த ஓவியன் தினமும் தூரிகை பிடித்த முப்பது வருடத்தை வழிதவறிய காலம் என்று எப்படித் தள்ளுவது? அந்த வருடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் 2023இல் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன். பாரிஸில் போம்பிது மையத்தில் பிப்ரவரியிலிருந்து மே நடுப்பகுதி வரை ரஸாவின் பெரிய கண்காட்சி. அறுபது ஆண்டுகள் வாழ்ந்த நாடு, அவர் இறந்து ஏழு வருடம் ஆகப்போகும் நேரத்தில் எடுத்த விழா. தாமதம்தான். ஆனாலும் கடைசி வாரத்திலாவது எனக்கு வாய்த்தது.

மூன்று நாள் போனேன். முதல்நாள் ஆரம்ப அறைகளைத் தாண்டவே இல்லை. நாக்பூரில் படித்து, பிறகு பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த இளைஞனின் நீர்வண்ணங்கள், மழையில் நனைந்த பம்பாய்த் தெருக்கள். வயிற்றுப்பாட்டுக்கு ஓர் அச்சுப்பிளாக் ஸ்டுடியோவில் வேலை. 1947இல் சூஸா, ஹுசேன், ஆரா முதலியவர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழு. அதே சமயத்தில் வீட்டிலும் நாட்டிலும் எல்லாம் உடைகிறது. அடுத்தடுத்து தாயும் தந்தையும் போகிறார்கள். உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தான் போகிறார்கள். முதல் மனைவியும் போகிறார். இவர் போகவில்லை. சிறுவயதில் சொந்தப் பகுதியான மண்ட்லாவில் காந்தியைப் பார்த்தது அதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் சொன்னார்.

1948இல் காஷ்மீரில் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இவருடைய படங்களைப் பார்க்கிறார். நல்ல திறமை இருக்கிறது, ஆனால் கட்டுமானம் இல்லை, ஓவியர் செசானைப் படி என்கிறார். ஓர் ஆசிரியையாக இந்த இடம் எனக்கு முக்கியம். வண்ணத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு படம் எதன்மேல் நிற்கிறது என்பதை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ரஸா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சு கற்று, பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று, கப்பலேறினார்.

பாரிஸில் முதலில் வரைந்தவை எல்லாம் ஊர்கள். தென்பிரான்ஸின் குன்றூர்கள். வீட்டின் மேல் வீடு, பெட்டி அடுக்கியது போல. ஓர் ஆள்கூட இல்லை. மேலே கருப்பாக ஒரு சூரியன். அந்தச் சூரியனுக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு ஒன்று பட்டது. பிந்து 1980இல் திடீரென்று வந்ததல்ல. ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே அந்தக் கருப்பு வட்டம் பிரெஞ்சு வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் பெயர் வைக்கப்படாமல். அது உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த இடத்தைக் கட்டத்தான் இத்தனை காலம்.

அடுத்த அறைகளில் வீடுகள் கரையத் தொடங்குகின்றன. நீர்வண்ணத்தை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்துவிட்டார். கத்தியால் அள்ளி அப்பிய சாயம், வெயிலில் வெடித்த வயல் போல. கூரை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆனால் படம் சரியாது, நிற்கும். செசானிடம் கற்ற பாடம் உள்ளே எலும்பாக இருக்கிறது. 1956இல் பாரிஸ் விமர்சகர்கள் தரும் பரிசு இவருக்குக் கிடைத்தது. பிரெஞ்சுக்காரரல்லாத ஒருவருக்கு அது முதல் முறை. 1959இல் ஜனீனுடன் திருமணம். 1962இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் போனார். அங்கே பார்த்த ரோத்கோவின் ஓவியங்கள் தன்னை ஆழமாகப் பாதித்ததாகச் சொல்லியிருக்கிறார். அறுபதுகளின் படங்களில் அது தெரிகிறது. வீடும் மரமும் போய்விட்டன, வெப்பமும் இருளும் மட்டும் மிச்சம்.

எழுபதுகளில் எல்லாம் இருந்தது. பேர், காலரி, பாரிஸில் நிலையான இடம். அப்போதுதான் மனம் ஒப்பவில்லை அவருக்கு. நல்ல பிரெஞ்சு ஓவியனாகிவிட்டேன், என்னுடையது எங்கே என்ற கேள்வி. அடிக்கடி இந்தியா வருகிறார். அஜந்தா, எல்லோரா, ராஜஸ்தான், குஜராத் என்று சுற்றுகிறார். 'பூமி' என்று பிரெஞ்சில் பெயரிட்ட படங்களில் காட்டின் இரவு வந்துவிடுகிறது. தந்தை வனத்துறையில் வேலை பார்த்தவர். வீட்டைச் சுற்றிக் காடு. அந்த இரவுகளின் பயம் தன்னை விட்டுப் போகவே இல்லை என்றும், விடிந்தால்தான் உயிர் வரும் என்றும் ரஸா சொன்னதுண்டு. அந்தப் படங்களில் கருப்புக்குள் சிவப்பு எங்கோ எரிகிறது. எனக்குப் பிடித்த ரஸா இவர்தான். பிறகுதான் கட்டம், முக்கோணம், பஞ்சபூதம், நடுவில் கருவட்டம். 1981இல் வரைந்த 'மா' என்ற படத்தில், தாயை நோக்கி மகன் கேட்கும் ஓர் இந்திக் கவிதை வரியைத் தேவநாகரியில் எழுதியே வைத்துவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பல பிந்துகள் என்னைத் தொடவில்லை. சுத்தமான கோடு, பளிச்சென்ற வண்ணம், ஆனால் எங்கும் பயம் இல்லை. இருட்டை அனுபவித்த கை அதை விட்டு வெளியே வந்துவிட்டது போல. அவருக்கு அது நிம்மதியாக இருந்திருக்கலாம், இருந்தால் மகிழ்ச்சியே. 1983இல் வரைந்த 'சௌராஷ்டிரா' 2010இல் லண்டன் ஏலத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் போனது. அந்தத் தொகைதான் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. அந்தப் படத்தில் அந்தத் தொகையைவிடப் பேச நிறைய இருக்கிறது.

கோர்பியோ போன அன்று இரவு அங்கேயே தங்கினோம். ஜூன் மாதம் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை ஒட்டி அங்கே ஒரு பவனி உண்டு, நத்தைப் பவனி என்பார்கள். பேருந்தில் வந்த மூதாட்டி கூடையோடு தன் வீட்டுச் சன்னலில் இருந்தார். எங்களைக் கண்டதும் கையசைத்துக் கூப்பிட்டார். ஓட்டுக்குள் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, சின்னத் திரி போட்டு, சன்னல் விளிம்பில் வரிசையாக வைக்கச் சொன்னார். ஓடு உருளாமல் இருக்க மணல். கார்த்திகைக்கு அகல் வைத்த கை எங்களுக்கு, அதிகம் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. "எண்ணெய் நிரம்ப விடாதே அக்கா, இது அகலைவிடச் சின்னது" என்றாள் தங்கை. சுவர்மேல், படியோரம், தரையில் பூவடிவமாக எங்கும் ஓட்டு விளக்குகள். தெருவிளக்கை அணைத்துவிட்டார்கள். வெள்ளை அங்கி அணிந்தவர்கள் பாடிக்கொண்டு சந்துகளில் இறங்கி வந்தார்கள். மலை முழுக்கக் கருப்பு, அதில் பொடிப்பொடியாகத் தீ.

ரஸா இந்தப் பவனியைப் பார்த்துவிட்டுத்தான் பிந்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படியொரு முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. நர்மதைக் காட்டின் இருட்டு எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவருக்கு, இந்த ஊரின் இருட்டு அந்நியமாக இருந்திருக்காது என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் கடற்கரை வழியாகத் திரும்பினோம். பக்கத்திலேயே ரொக்ப்ரூன். சண்டிகரை வடிவமைத்த லெ கொர்புசியே 1965இல் இந்தக் கடலில் நீந்தும்போது இறந்து, ரொக்ப்ரூன் இடுகாட்டில் இருக்கிறார். இந்தியாவுக்கு ஒரு நகரம் கட்டியவர் இந்த மலையில். இந்த மலையில் கோடைகளைக் கழித்தவர் நர்மதைக் கரையில். ஜனீன் 2002இல் இறந்தார். அதன் பிறகு எட்டு வருடம் தனியாக இருந்துவிட்டு, 2010 முடியும் நேரத்தில் ரஸா டெல்லிக்கே வந்துவிட்டார். அப்போது வயது 88. கடைசிவரை தினமும் வரைந்தார். 2016 ஜூலை 23இல் இறந்தார். தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

கோர்பியோ போய்வந்த மறு வருடம் ஜூலையில், அந்தக் கல்லறை இருக்கும் மண்ட்லாவுக்குப் போனேன். சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஜபல்பூர், அங்கிருந்து பேருந்தில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சால் மரங்கள் மழையில் கருத்து நின்றன. ஊரை நர்மதை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றங்கரைப் படித்துறையில் டீக்கடைக்காரரிடம் என் உடைந்த இந்தியில் ரஸா சாகிப்பைக் கேட்டேன். எந்த ரஸா என்று அவர் கேட்கவில்லை. "அப்பாவும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், மழை விட்டதும் போங்கள் அம்மா" என்றார். மழை விடவில்லை. நனைந்துகொண்டே போனேன். சேறு, நீண்ட புல், ஈரக் கல். அங்கே நிற்கும்போது ஓவியம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வனத்துறை ஊழியர் ஒருவரின் மகன் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் கானா காட்டுப் பக்கம் போகும் சாலையில் ஒரு விடுதியில் தங்கினேன். எட்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. சன்னலுக்கு வெளியே மரம், வானம், சாலை எதுவும் தனித்தனியாக இல்லை. கையை முகத்துக்கு நேரே பிடித்தால் கை இல்லை. தவளைச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. உண்மையாகவே பயமாக இருந்தது. சற்று நேரத்தில் கதவைத் தட்டும் ஓசை. விடுதிப் பையன், கையில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும்.

வாங்கிக்கொண்டேன். அவன் பற்றவைக்கக் குனிந்தபோது, வேண்டாம் தம்பி, அப்புறம் நானே ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தடவிச் சன்னலோரம் இழுத்துப் போட்டேன்.