தோஷம் யாருடையது?

குழந்தை நோயுற்றால் மருத்துவரைத் தேடுவது அறிவுடைமை. நம் வீடுகளிலோ முதலில் குற்றவாளியைத் தேடுகின்றனர்!

என் உறவினர் வீட்டில் அதைக் கண்டேன். பிறந்து சில நாட்களே ஆன பிள்ளைக்கு மூச்சு இரைக்கும். பிறகு நின்றதுபோல் அடங்கும். கண்மணிகள் நிலைகொள்ளாமல் அலையும். "நாகதோஷம்" என்றார் சோதிடர். "இவள் காலடி வைத்த நேரம்" என்றார் மாமியார். அந்த மாமியார் யார்? பெண்ணின் சொந்தப் பாட்டி! தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். தன் பேத்தியையே பழித்தது அந்தக் கிழ நாக்கு.

பரிகாரத்திற்குப் பணம் கரைந்தபின் மருத்துவமனை சென்றனர். மூளையை எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கடைவாய்ப்பல்லின் வடிவம் தெரிந்தது. சிறுமூளையின் நடுப்பகுதி சரிவர வளராத இந்நோய்க்கு ஜூபேர் நோய்க்குறித் தொகுதி என்று பெயர். 1969இல் மாரி ஜூபேர் என்ற மருத்துவர், கனடாவில் ஒரே குடும்பத்தில் உடன்பிறந்த நால்வரிடம் கண்டு விளக்கியது அது. அங்கே எந்த நாகம் கடல் கடந்து சென்றது? எந்த மருமகள் இடக்கால் வைத்து நுழைந்தாள்?

காரணம் மரபணு. பெரும்பாலும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரு பழுதுபட்ட படிகள் சேர்ந்தால்தான் நோய். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு கருவிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பழி என்று ஒன்று இருந்தாலும் அது பெண்ணுக்கு மட்டும் உரியதன்று!

உறவில் மணந்தோர் பலருக்கும் நல்ல பிள்ளைகளே பிறக்கின்றனர். அயலில் மணந்தோர்க்கும் இந்நோய் வரலாம். ஆயினும் ஒரே மூதாதையின் பழுது இருபுறமும் வந்து சேரும் வாய்ப்பு உறவுமணத்தில் மிகுதி. சொத்து வெளியே போகக்கூடாது, சாதி கலையக்கூடாது என்று கட்டிய வேலிக்குள் இந்தப் பழுதும் சிறைப்பட்டுக் கிடக்கிறது.

முழுமையாகத் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் பயிற்சியால் பல பிள்ளைகள் நடக்கவும் பேசவும் கற்கின்றனர். கண்ணையும் சிறுநீரகத்தையும் ஈரலையும் தொடர்ந்து சோதித்துக் காக்கவேண்டும். உண்டியலில் விழும் காசு அதற்கு உதவுமா?

தோழர்களே! உறவில் பெண் பேசும் வீட்டில் சாதகக் கட்டை ஒதுக்கச் சொல்லுங்கள்; மரபியல் ஆலோசனைக்கு வழிகாட்டுங்கள். நோயுற்ற பிள்ளையைப் பெற்றவளை யாரேனும் பழித்தால், அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள். பகுத்தறிவு மேடைக்கு மட்டுமன்று, தொட்டிலருகிலும் தேவை!