அம்பு முனையும் அறுக்கிற கத்தியும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கிறவர்கள் முழுக்க வாசியுங்கள்.

எங்களோடு ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்த நண்பர் ஒருவர் இப்போது அமெரிக்காவில், கொலராடோவில் இருக்கிறார். போன வருடம் எங்கள் பெட்ச் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு கேள்வி போட்டார். "மச்சான்மார், இங்க எல்க் மான் வேட்டைக்கு லைசன்ஸ் எடுத்திருக்கேன். வில்லும் அம்பும்தான். எந்த அம்ப வாங்குற? அது ஹலாலாகுமா?"

குழுமத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர், கணக்குப் படிப்பிக்கிறவர், மௌலவி சேர் எல்லோரும் இருக்கிறோம். இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை.

முதலில் எல்க் என்றால் என்ன? நம் நாட்டில் வெள்ளைக்காரர்கள் மரைக்குத்தான் எல்க் என்று பெயர் வைத்தார்கள். நுவரெலியாப் பக்கம் எல்க் பிளேன்ஸ் என்று ஓர் இடமே உண்டு. 1850களில் வெளிவந்த சாமுவேல் பேக்கரின் வேட்டைக் கதைகளில் வருகிற எல்க்கும் நம் மரைதான். அமெரிக்க எல்க் வேறு. ஆண் மான் 300 கிலோவைத் தாண்டும். ஒரு மான் விழுந்தால் ஒரு குடும்பத்துக்குக் குளிர்காலம் முழுக்க இறைச்சி. ஹலால் கடை தூரமாக இருக்கிற ஊரில் அது சின்ன விஷயமில்லை.

இங்கே மரை வேட்டை சட்டப்படி குற்றம். அங்கே அரசாங்கம் கணக்குப் பார்த்து அனுமதி கொடுக்கிறது. வில் வேட்டைக்கு செப்டெம்பர் மாதம். வில்லின் இழுவிசை 35 இறாத்தலுக்குக் குறையக்கூடாது. அம்பின் வெட்டுமுனை 7/8 அங்குல அகலத்துக்குக் குறையக்கூடாது. இதெல்லாம் கொலராடோச் சட்டம்.

மார்க்கத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. அதீ இப்னு ஹாதிம் (ரழி) வேட்டையைப் பற்றிக் கேட்ட ஹதீஸை மௌலவி சேர் எடுத்துச் சொன்னார். கருத்து இதுதான்: அல்லாஹ்வின் பெயர் சொல்லி எய்து, முனை குத்திக் கிழித்து இறந்தால் சாப்பிடலாம். அம்பு பக்கவாட்டில் மோதி, அந்த அடியில் இறந்தால் கூடாது.

விஞ்ஞான சேர் இதைக் கேட்டுவிட்டு, அம்பின் வேலையே இதுதான் என்றார். துவக்குச் சன்னம் பாய்கிற வேகத்தில் சுற்றியுள்ள தசையையும் சிதைக்கும். அம்பில் அது இல்லை. நுரையீரலையும் இரத்தக் குழாயையும் வெட்ட வேண்டும். நன்றாக வெட்டினால் மான் ஒரு நிமிடத்துக்குள்ளேயே விழுந்துவிடும். மொட்டை முனை என்றால் காயத்தோடு ஓடி, எங்கேயோ நாட்கணக்கில் துடிக்கும்.

பிறகு எடை. அம்பின் எடையை அங்கே கிரேனில் சொல்கிறார்கள். 7000 கிரேன் ஒரு இறாத்தல். நண்பரின் வில் 60 இறாத்தல். வேகம் வேண்டும் என்று 350 கிரேன் அம்பு பார்த்து வைத்திருந்தார். கணக்கு சேர் பேப்பரும் பேனையும் எடுத்தார். 350 கிரேன் அம்பு செக்கனுக்கு 285 அடி போனால் சக்தி 63 அடி-இறாத்தல். 475 கிரேன் அம்பு 245 அடி போனாலும் அதே 63தான். ஆனால் உந்தம் பாரமான அம்புக்கு ஆறில் ஒரு பங்கு அதிகம். தோல், விலா எலும்பு தாண்டி உள்ளே போக அந்த உந்தம்தான் உதவும். மறுபக்கத்தால் வெளியேறினால் இரண்டு காயம். இரத்தத் தடம் பார்த்துத் தேடுவதும் இலகு. பாரமான அம்பு தூரம் போகப் போகச் சீக்கிரம் தாழும் என்பதும் உண்மை. அதனால் 30 மீற்றருக்கு மேல் எய்வதில்லை என்று நண்பர் தனக்கே ஓர் எல்லை வைத்துக்கொண்டார்.

அம்புத் தண்டின் விறைப்புக்கும் ஓர் இலக்கம் உண்டு. 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கவைத்து, நடுவில் 880 கிராம் தொங்கவிடுவார்கள். 0.340 அங்குலம் வளைந்தால் அது 340. இலக்கம் குறையக் குறைய விறைப்புக் கூடும். வில்லின் பலத்துக்குத் தண்டு தளர்ந்தால் அம்பு ஆடிக்கொண்டே போகும். அட்டவணை பார்த்து 340 எடுத்தார்.

கடைசியாக வெட்டுமுனை. மோதும்போது விரிகிற முனை பறக்கையில் ஒழுங்காகப் போகும், வெட்டும் அகலம். ஆனால் விரியவே கொஞ்சம் சக்தி செலவாகும், எலும்பில் பட்டால் மடங்கவும் கூடும். நிலையான முனை பட்ட கணமே வெட்டத் தொடங்கும். ஆனால் வில் சரியாக இசைவிக்கப்படாவிட்டால் காற்று அதைத் திசை மாற்றும். 60 இறாத்தல் வில்லுக்கும் எல்க்கின் எலும்புக்கும் நிலையான 125 கிரேன் முனையே பொருத்தம் என்று முடிவெடுத்தோம். பயிற்சி முனையும் வெட்டுமுனையும் ஒரே இடத்தில் விழும் வரை பழகச் சொன்னோம். பழகிய முனை மழுங்கியிருக்கும், வேட்டைக்குப் புதிதாகத் தீட்டியது வேறாக இருக்கட்டும் என்றும் சொன்னோம்.

செப்டெம்பர் வந்தது. ஐந்தாம் நாள் ஒரு பெரிய ஆண் எல்க் 25 மீற்றரில் வந்து நின்றதாம். நேருக்கு நேர். அந்தக் கோணத்தில் நெஞ்செலும்பும் தோளெலும்பும் மறைக்கும். பக்கவாட்டாகத் திரும்பும் என்று காத்திருந்தார். திரும்பவில்லை, போய்விட்டது. அந்தப் பருவம் வெறுங்கையோடு வீடு வந்தார்.

"இவ்வளவு செலவழிச்சும் சும்மாவா வந்தீங்க?" என்று குழுமத்தில் ஒருவர் கேட்டார். "காயப்பட்டு ஓடினா அதுக்கு யாரு பதில் சொல்ற?" என்றார் நண்பர். அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பகுதிக் காடுகளில் கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, ஹக்கபட்டாஸ் எல்லாம் வைக்கிறார்கள். வைத்தவர் வீட்டில் தூங்குவார், அகப்பட்ட உயிர் இரவு முழுக்கத் துடிக்கும். யானைக்குட்டி என்றும் பார்க்காது, சிறுத்தை என்றும் பார்க்காது. அந்த இறைச்சி களவாக விலைக்கு வந்தால், அது எப்படிச் செத்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

உழ்ஹிய்யா நாளும் கிட்ட வருகிறது. கத்தியைத் தீட்டிக்கொள்வதும் பிராணியை வதைக்காமல் அறுப்பதும் ஸுன்னா. இரண்டு நாளைக்கு முன்னாலேயே தீட்டி வையுங்கள். மாட்டின் கண் முன்னால் தீட்ட வேண்டாம். ஒரே கத்தியால் பத்து மாடு அறுக்காமல் இடையிடையே மாற்றுங்கள். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் இதை ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.