காசியோடு திரும்ப வேண்டாம்

காசிக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களின் பயணத் திட்டம் அநேகமாக ஒரே மாதிரிதான். கங்கையில் குளியல், பிரயாக்ராஜில் சங்கமம், கயாவில் சிராத்தம், பிறகு வீடு. கையில் இன்னும் ஐந்து நாள் இருந்து புந்தேல்கண்ட் பக்கம் திரும்பினால் கோயில், காடு, கோட்டை மூன்றும் ஒரே பாதையில் கிடைக்கும்.

முன்பெல்லாம் இது சிரமமான வழி. சத்னாவில் இறங்கி நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் குலுங்க வேண்டும். 2025 நவம்பரில் பனாரஸ் - கஜுராஹோ வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. அதிகாலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு கஜுராஹோவில் இருக்கலாம்.

பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். கஜுராஹோவுக்கு இரண்டு நாள், சற்றுத் தள்ளியிருக்கும் பன்னா புலிகள் காப்பகத்துக்கு ஒரே ஒரு காலை என்று கணக்குப் போடுகிறார்கள். சிற்பம் நின்ற இடத்தில் நிற்கும், புலி நிற்காது. ஒரே சவாரியில் மானையும் மயிலையும் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று முணுமுணுத்தபடி திரும்பும் ஜீப்புகள் ஏராளம். காட்டுக்கு இரண்டு இரவு, மூன்று சவாரி என்பதே நியாயமான கணக்கு.

கஜுராஹோவுக்கு ஒன்றரை நாள் போதும். சந்தேல மன்னர்கள் 10, 11ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பிய 85 கோயில்களில் இருபத்து சொச்சமே மிஞ்சியுள்ளன. வழிகாட்டிகள் ஆட்களை நேராக மிதுனச் சிற்பங்களின் முன் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மொத்தச் சிற்பங்களில் அவை சுமார் பத்தில் ஒரு பங்குதான். அவசரப்படாதவர்கள் கண்டரிய மகாதேவர் கோயிலை மாலை வெயிலில் பார்க்கலாம். பக்கத்திலுள்ள மதங்கேஸ்வரர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. லிங்கம் ஆள் உயரத்தையும் மிஞ்சியது. சுவரெங்கும் வீரனோடு மோதும் வியாளங்கள். நம்மூர்த் தூண்களின் யாளிக்கு உறவு.

அங்கிருந்து மட்லா நுழைவாயிலுக்கு டாக்ஸியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கென் நதிக்கரையில் தங்க இடங்கள் உண்டு. காடு அக்டோபர் முதல் ஜூன் வரை திறந்திருக்கும். புதன்கிழமை பிற்பகல் சவாரி கிடையாது. வனத்துறையிடம் முன்பதிவு செய்தபோது கொடுத்த அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசலிலேயே தகராறு. டிசம்பர், ஜனவரி காலைகளில் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பைத் துளைக்கும். சென்னைக்காரர்கள் ஸ்வெட்டரோடு கம்பளியும் எடுத்துக்கொள்வது உத்தமம்.

கன்ஹாவும் பாந்தவ்கரும் இருக்க, பன்னா ஏன்? 2009இல் இந்தக் காட்டில் ஒரு புலிகூட இல்லை. வேட்டைக் கும்பல்கள் துடைத்து எடுத்துவிட்டன. ஆய்வாளர் ரகு சுந்தாவத் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தும் அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் போன பிறகு பாந்தவ்கரிலிருந்தும் கன்ஹாவிலிருந்தும் ஒவ்வொரு பெண்புலியைக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆண்புலி வந்தது. அதற்குப் புது இடம் பிடிக்கவில்லை. சில நாளிலேயே காட்டை விட்டு வெளியேறி, பிறந்த ஊர் இருக்கும் தெற்குத் திசையில் நடக்கத் தொடங்கியது. வயல், ஊர், சாலை என்று ஒரு மாதத்தில் 400 கிலோமீட்டருக்கு மேல். கழுத்துப்பட்டையின் ரேடியோ சிக்னலைப் பிடித்துக்கொண்டு யானைகளும் ஊழியர்களும் பின்னாலேயே போனார்கள். டிசம்பர் கடைசியில் மயக்க ஊசி போட்டுத் திரும்பக் கொண்டுவந்தனர். 2010 ஏப்ரலில் நான்கு குட்டிகள். இன்று ஜீப்பின் குறுக்கே போகும் எந்தப் புலியும் அநேகமாக இந்த மூன்றின் வம்சமாகவே இருக்கும். 2022 கணக்கெடுப்பில் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது.

போவதென்றால் தள்ளிப்போடாமல் போக வேண்டிய காரணமும் உண்டு. கென் நதியை பெத்வாவுடன் இணைக்கும் 44,605 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2024 டிசம்பர் 25 அன்று கஜுராஹோவில் அடிக்கல் நாட்டப்பட்டது. தௌதனில் எழவிருக்கும் 77 மீட்டர் உயர அணை சுமார் 9,000 ஹெக்டேரை மூழ்கடிக்கும். அதில் பாதிக்கு மேல் காப்பகத்தின் நிலம். புந்தேல்கண்டின் வறட்சியைப் பார்த்தவர்கள் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் ஒரு முறை காலியாகி மீண்ட காடு இது. நதியோரப் பள்ளத்தாக்கும் பாறை இடுக்கில் கூடு கட்டும் கழுகுகளும் இப்போதைய உருவில் எத்தனை காலம் இருக்கும்?

நான்காம் நாள் ஓர்ச்சா. சாலை வழியாக நாலு மணி நேரத்துக்குக் குறையாது. பெத்வா கரையில் புந்தேல மன்னர்களின் சமாதி மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உச்சியிலும் கழுகுகள் வசிக்கின்றன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் நாடெங்கும் கழுகு இனமே அழிந்துகொண்டிருந்தது. 2006இல் மருந்து தடை செய்யப்பட்டது. இங்குள்ள ராமராஜா கோயிலில் ராமர் தெய்வம் மட்டுமல்ல, ஊருக்கு அரசரும். போலீஸார் அணிவகுப்பு மரியாதை செலுத்துகிறார்கள். அதைப் பார்க்க மாலை ஆரத்தி நேரத்துக்குப் போக வேண்டும்.

ஓர்ச்சாவிலிருந்து ஜான்சி ரயில் நிலையம் ஆட்டோ தூரம்தான். டெல்லியிலிருந்து வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அங்கே நின்று, நேரே சென்னைக்குக் கொண்டுவந்து விட்டுவிடும்.