முந்நூறு பூஜ்ஜிய ஆழம்

ஜெர்மனியின் பிரேமன் நகரத்துப் பழைய வீடுகளில் பாதி தரைக்குள் இறங்கிய கீழ்த்தளம் ஒன்று இருக்கும். அக்கா மகள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அந்தக் கீழ்த்தளத்திலிருந்து இரவு பகலாக ஒரு ரீங்காரம். மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பதுபோல இருந்தது. "வீட்டுக்காரம்மா படம் ஓட்டுறாங்க சித்தி, ஒரு தடவை இறங்கிப் பாருங்க" என்றாள். வெளியே பிப்ரவரிப் பனி. படியிறங்கியதும் ஸ்வெட்டரைக் கழற்றவேண்டி வந்தது. அந்த அறையில் ஹீட்டரையே போடுவதில்லையாம். மூன்று கம்ப்யூட்டர்கள் கக்கும் சூடே போதும்.

அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். நில அளவைத் துறையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். திரையில் கறுப்பாக, உடம்பெல்லாம் மொட்டு மொட்டாக ஓர் உருவம். 1980இல் ஐபிஎம்மில் இருந்த பெனுவா மாண்டல்பிராட் கம்ப்யூட்டரில் அதை வரைந்து பார்த்ததால் உலகம் அதற்கு அவர் பெயரைச் சொல்கிறது. ஜெர்மன்காரர்களுக்கு அது 'ஆப்ஃபெல்மென்ஷென்', குட்டி ஆப்பிள் மனிதன். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பைட்கனும் ரிக்டரும் அதைப் பெரிய வண்ணப்படங்களாக்கி, 1986இல் 'தி பியூட்டி ஆஃப் ஃப்ராக்டல்ஸ்' என்று புத்தகமும் போட்டார்கள். அம்மாளுக்குப் பித்துப் பிடித்தது அந்தப் படங்களைப் பார்த்துத்தான். அந்த நாளில் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படம் வர விடிந்துவிடுமாம்.

கணக்கு பள்ளிப் பிள்ளைக்கே புரியும். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கு, புள்ளியின் எண்ணைக் கூட்டு, வந்த விடையை மறுபடி பெருக்கு, கூட்டு. விடை எகிறி ஓடிவிட்டால் எத்தனையாவது சுற்றில் ஓடியது என்பதை வைத்து நிறம். ஓடாமலே சுற்றிக்கொண்டிருந்தால் கறுப்பு. விளிம்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக ஏதோ சுருள்கிறது, கிளைக்கிறது. அதற்குள் இறங்கிக்கொண்டே போவதுதான் இந்தப் படங்கள்.

அம்மாள் இப்போது செய்துகொண்டிருப்பது, 1க்குப் பின்னால் 300 பூஜ்ஜியம் போட்ட அளவுக்குப் பெரிதாக்கும் படம். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தின் விட்டம் முழுவதையும் இயற்பியலின் மிகச் சிறிய நீளமான பிளாங்க் நீளத்தால் வகுத்தாலே 62 பூஜ்ஜியத்துக்குள் அடங்கிவிடும். இதைச் சொல்லி நான் வாயைப் பிளந்தேன். அவர் சலித்துக்கொண்டார். "எல்லாரும் இதையே சொல்லி மலைக்கிறார்கள். ஆழம் பெரிய விஷயமில்லை, பொறுமை இருந்தால் யாரும் இறங்கலாம். எங்கே திரும்புகிறோம் என்பதுதான் வேலை."

ஆனால் வெறும் பொறுமை மட்டும் ஒரு காலத்தில் போதவில்லை. கம்ப்யூட்டர் வழக்கமாகக் கையாளும் எண்ணுக்குப் பதினைந்து, பதினாறு இலக்கம்தான் நம்பகம். அதற்குக் கீழே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே எண்ணாகி, படம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். முந்நூறு இலக்கத்தோடு கணக்குப் போடலாம். ஒரு படத்தில் இருக்கும் இருபது லட்சம் புள்ளிக்கும் அப்படிப் போட்டால் ஆயுசு போய்விடும். 2013இல் கே. ஐ. மார்ட்டின் என்பவர் ஒரு வழி காட்டினார். அதை விளக்க அம்மாள் தன் பழைய தொழிலுக்கே போனார். "ஊரில் ஒரு குறிக்கல்லை மட்டும் உயிரைக் கொடுத்துத் துல்லியமாக அளப்போம். மற்ற வயல், வரப்பு எல்லாம் அந்தக் கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்த்தால் போதும்." அதேபோல ஒரே ஒரு புள்ளிக்கு முழு இலக்கங்களோடு கணக்கு; மற்ற புள்ளிகளுக்கு அதிலிருந்து எவ்வளவு விலகல் என்பது மட்டும். விலகல் சிறிய எண், சாதாரண எண்ணிலேயே அடங்கும். அதுவும் 308 பூஜ்ஜியம் வரைக்கும்தான். முந்நூறோடு நிறுத்தியதன் ரகசியம் இதுதான் என்று சிரித்தார்.

திரும்புவது என்றாரே, அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். பென்சில் எழுத்து. 150 பூஜ்ஜிய ஆழத்தில் ஒரு சுருளின் நடுவை விட்டு இம்மி தள்ளி இறங்கினால், அந்தச் சுருள் ஏறக்குறைய 225இல் இரண்டாகத் திரும்ப வரும், 262 வாக்கில் நாலாக, 281 வாக்கில் எட்டாக. மிச்சமிருக்கும் ஆழத்தில் பாதி போகும்போதெல்லாம் இரட்டிப்பு. கடைசியில் 300இல், அத்தனைக்கும் நடுவில், கடுகாக ஒரு ஆப்பிள் மனிதன். ஆக, 150இல் வைக்கும் ஒரு க்ளிக்கில் அடியில் விரியும் பூவின் இதழ் தீர்மானமாகிறது. இணையத்தில் இத்தகைய படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றை இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடிந்ததில்லை. எங்கும் திரும்பாமல் குழாயில் விழுவதுபோல விழுந்துகொண்டே இருக்கும், காதைக் கிழிக்கும் இசை வேறு.

இன்னொன்று எனக்குத் தெரியாது: படம் அடியிலிருந்து மேலாகத் தயாராகிறது. கிணற்றைத் தூரிலிருந்து மேல்நோக்கி வெட்டுவது மாதிரி. மிக ஆழமான சட்டகம் முதலில், அப்புறம் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு வெளியே. முந்நூறு பூஜ்ஜியத்துக்கு 997 சட்டகம். இடைப்பட்டவற்றை இவற்றையே பெரிதாக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். மடங்குக்கு ஒரு விநாடி என்று ஓட்டினால் பதினாறரை நிமிடப் படம். நிறம் இப்போது கிடையாது. சுற்று எண்ணிக்கைகளைத்தான் சேமிக்கிறார். சாயம் பிறகு, வேண்டியபடி.

நான் இருந்தபோது 641ஆம் சட்டகத்தைத் திறந்தார். நுணுக்கமான சரிகை வேலைக்கு நடுவே வழவழவென்று ஒரு திட்டு, சேலையில் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல. எனக்கு அதுவும் அழகாகத்தான் பட்டது. "பொய்" என்றார் அம்மாள். குறிக்கல்லின் போக்கும் அந்த இடத்துப் புள்ளிகளின் போக்கும் வழியில் பிரிந்துவிட்டால் விலகல் கணக்கு இப்படிச் சத்தமில்லாமல் தப்பாகும். இதைக் கண்டுபிடிக்க 2014இல் பால்டெல்பிராட் என்ற புனைபெயர்க்காரர் ஒரு சோதனை சொன்னார். மென்பொருள்கள் அதை வைத்துத் தாமே திருத்திக்கொள்கின்றன. இருந்தும் அம்மாள் 997ஐயும் கண்ணால் பார்க்கிறார். போன வருடம் ஒரு திட்டு தப்பி, படம் முடிந்தபின்தான் தெரிந்ததாம்.

திட்டுக்குள் புதிய குறிக்கல் ஒன்றை நட்டார். ரீங்காரம் ஒரு படி ஏறியது. மாடியிலிருந்து அக்கா மகள் தேநீருக்குக் கூப்பிட்டாள், யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வழவழப்பு இருந்த இடத்தில் சரிகை ஊறி வந்தது. நோட்டில் 641க்கு நேரே ஒரு டிக் போட்டு, 640ஐத் திறந்தார்.