இலங்கைக்குப் போகிறவர்களுக்கு

பாகலூர்க்காரர்களுக்கு அந்நிய ராஜ்யப் பிரயாணம் புதிதல்ல. ஓசூரிலிருந்து மாலூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். அதே சாலையில் இன்னும் சிறிது தூரம் போனால் கர்நாடகம். 1947க்கு முன் அது மைசூர் மகாராஜாவின் சமஸ்தானம். கட்டுச்சோற்று மூட்டையுடன் காலையில் எல்லை தாண்டிப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிய பாட்டனார்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

அந்தத் தைரியத்தில்தான் 2024ஆம் ஆண்டு தை மாதம் குடும்ப சகிதமாக இலங்கைக்குக் கிளம்பினோம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிய காலம் 1964 டிசம்பர்ப் புயலோடு போயிற்று. இப்போது பெங்களூரில் ஆகாய விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கொழும்பு. பாகலூரிலிருந்து விமான நிலையம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆயிற்று என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடாது!

எட்டு நாள் அவகாசம் உள்ளவர்கள் கொழும்பில் ஒரு நாளுக்கு மேல் தங்க வேண்டாம். முதலில் பொலன்னறுவைக்குச் செல்லுங்கள். ராஜராஜனும் ராஜேந்திரனும் இலங்கையில் வென்ற பகுதிக்கு இதுவே தலைநகர். சோழ அரசியின் பெயரால் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிறிய கற்கோயில் இன்றும் நிற்கிறது. அதைப் பார்த்ததும் "எங்கள் சோழன்!" என்று மார்தட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். 1070இல் சோழர்களை விஜயபாகு வெளியேற்றினான். அடுத்த நூற்றாண்டில் பராக்கிரமபாகு கல் விகாரையில் செதுக்குவித்த புத்தர் 46 அடி நீளத்துக்குப் பாறையில் சயனித்திருக்கிறார். வென்றவர், மீட்டவர் இருவர் கைவண்ணத்தையும் ஒரே ஊரில் காண்பது பெரும் பாக்கியம்.

சிகிரியாக் குன்றில் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். படிகள் ஆயிரத்துக்கு மேல். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கீழே தோட்டங்களைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். சித்தன்னவாசல் ஓவியங்களைக் கண்டவர்களுக்கு இங்குள்ள மங்கையர் சித்திரங்கள் இரட்டிப்பு இன்பம் தரும். கண்டியில் தலதா மாளிகைக்கு வெள்ளை உடையில், பூஜை வேளையில் போவது உத்தமம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் புகைப்படம் எடுத்துக்கொள்வது அந்நாட்டில் பெரும் அபசாரம்.

இனி ரயில். 1924இல் பதுளை வரை முடிந்த இந்த மலைப்பாதை, பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேல் ஏறுகிறது. தெமோதரைக்கு அருகே ஒன்பது வளைவுப் பாலம் வருகிறது. மழைக்காலத்தில் மண் சரிவதுண்டு. வண்டி ஓடுகிறதா என்று விசாரித்துக் கொண்டே புறப்பட வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே எங்கு நோக்கினும் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே முதல் தேயிலைத் தோட்டம் போட்டார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். காட்டை வெட்டியவர்கள் யார் என்பதையும் கேளுங்கள். திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களில் பஞ்சத்துக்குத் தப்பி, மன்னாரில் கரையேறி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் அவர்கள். வழியிலேயே மாண்டவர் அநேகர். 1948இல் வந்த சட்டம் அவர்களுடைய சந்ததியாரின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003இல்தான் பிரஜா உரிமை கிடைத்தது.

அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மூதாட்டி ஒருவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்த ஊரு, ஐயா?"

"ஓசூருக்குப் பக்கம், பாகலூர். அந்தக் காலத்தில் சேலம் ஜில்லா, அம்மா."

"எங்க தாத்தாவும் சேலம் பக்கமுன்னுதான் சொல்லுவாரு. அங்க இந்த வருஷம் மழை பேஞ்சிச்சா?"

தாம் ஒரு நாளும் கண்டிராத ஊரின் மழையைப் பற்றி அவர் விசாரித்தார். நானோ அதுவரை அவர்கள் குடியிருக்கும் லயன் வரிசைகளை மலைக்காட்சியின் ஓரத்தில் தெரியும் தகரக் கூரைகளாகவே பார்த்து வந்திருந்தேன். என் மனைவி அவருக்கு அருகில் உட்கார்ந்து, "நல்ல மழை, அம்மா" என்றாள்.

ஆகையால், இலங்கைக்குப் போகிறவர்கள் எட்டு நாளில் ஒரு நாளை மலையகத்து மக்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ரயிலிலிருந்து இறங்குங்கள், அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெட்டியில் இடமிருந்தால் ஊரிலிருந்து கொஞ்சம் முறுக்கு எடுத்துப் போங்கள். அவர்கள் கொடுக்கும் தேநீரை மறுக்காமல் குடியுங்கள்.